பட்டறைத் தரைக்கு எபாக்சி: தேய்த்தது அதிகம், அடித்தது கொஞ்சம்

தரையில் அடித்த எபாக்சி (ரெசின், ஹார்டனர் என்று இரண்டு பாகமாக வந்து, கலந்த பிறகு இறுகுகிற பெயிண்ட்) உரிந்துவிட்டால், மறுபடி கடைக்கு ஓடுவதற்கு முன் உரிந்த பொருக்கு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஏன் உரிந்தது என்பது அதன் அடிப்பக்கத்தில் இருக்கும். அடிப்பக்கம் முழுக்க சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால் பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது; கான்கிரீட்டின் மேல்தோல்தான் பலவீனமாக இருந்து பெயிண்டோடு சேர்ந்து கழன்று வந்துவிட்டது. அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால், எண்ணெய்ப்பசையோ அளவுக்கு மீறிய வழுவழுப்போ காரணமாக அது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உடைத்தால் உள்ளே ஈரம் தெரிந்தால், அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது.

என் பட்டறைத் தரையில் முதல் இரண்டும் இருந்தன. கதவுப் பக்கம் வண்டி டயர் நிற்கிற இடத்தில் தூள் ஒட்டிய பொருக்குகள். துளையிடும் இயந்திரத்துக்கு முன்னால் கண்ணாடித் தாள் மாதிரி முழுசாக உரிந்து வந்த துண்டுகள். மூன்றாவதும் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய பெயிண்ட், தண்ணீரில் கரையும் வகை எபாக்சி. ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டு ரோலரால் ஓட்டியதோடு சரி, வேறு எந்தத் தயாரிப்பும் செய்யவில்லை. இப்போது அதையெல்லாம் வழித்தெறிந்துவிட்டு, கரைப்பான் கலக்காத எபாக்சி அடித்து, வண்டி ஏறி, இரும்பு விழுந்து, எண்ணெய் சிந்தி, எல்லாம் பார்த்தாகிவிட்டது. தரை நிற்கிறது. நின்றதற்குக் காரணம் பெயிண்ட் மாறியது மட்டும் இல்லை.

தரை 6 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது 24 சதுர மீட்டர்.

முதலில் சோதனைகள். அங்கங்கே கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் தரை உறிஞ்சி, இடம் கருத்துவிட்டால் நல்லது. முத்து முத்தாக உருண்டு நின்றால் எண்ணெயோ, பழைய சீலரோ, கான்கிரீட் போட்டபோது சீக்கிரம் காய்ந்துவிடாமலிருக்கத் தெளித்த க்யூரிங் மருந்தோ மேலே இருக்கிறது. அடுத்து ஒரு திருப்புளி முனையால் அழுத்திக் கீறுவது. வெள்ளைக் கோடு விழுந்தால் பரவாயில்லை, பொலபொலவென்று தூள் வந்தால் அது சிமெண்ட் பால் மேலேறி உறைந்த தோல். கான்கிரீட் போடும்போது தண்ணீர் அதிகமாகி, மேலே கரணையால் ரொம்ப நேரம் இழைத்திருந்தால் இந்தத் தோல் தடிப்பாக இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன்மேல் எதை ஒட்டினாலும் நிற்காது.

ஈரச் சோதனைக்கு, கனமான பிளாஸ்டிக் தாளை 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகளோ, தரையில் கருத்த சதுரமோ இருந்தால் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். நடுவில் ஒட்டியது, கதவருகே ஒட்டியது எல்லாம் காய்ந்தே இருந்தன. பின்சுவரை ஒட்டி வைத்த தாள் மட்டும் அடியில் வேர்த்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் சுவரின் காலடியிலேயே முடிகிறது. அங்கே மண்ணும் உள்தரை மட்டத்தைவிட உயரமாகக் குவிந்து கிடந்தது. மண்ணை வெட்டி இறக்கி, குழாயை நீட்டிச் சுவரைவிட்டுத் தள்ளி விட்டு, தரை காயும்வரை வேலையை ஒத்திப்போட்டேன். பிறகு அதே இடத்தில் ஒட்டிய தாள் காய்ந்து வந்தது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. தாள் சொல்வது அன்றைய நிலவரம் மட்டும். வெயில் காலத்தில் காய்ந்து, மழைக்காலத்தில் ஈரம் ஏறுகிற தரை நிறைய உண்டு. கான்கிரீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிக்காமல் போட்டிருந்தால், மழைக்குப் பிறகு ஒருமுறை ஒட்டிப் பார்ப்பது நல்லது. புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் கழித்துத்தான் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டும்.

அடுத்தது எண்ணெய். தேய்ப்பதற்கு முன்பே எண்ணெயை எடுத்துவிட வேண்டும். அப்படியே கிரைண்டரை ஓட்டினால் எண்ணெயையும் தூளையும் பிசைந்து துளைகளுக்குள் திணிப்பதுதான் நடக்கும். காரத்தன்மையுள்ள டிகிரீசரை (எண்ணெய் நீக்கும் திரவம்) ஊற்றி, காய விடாமல் நனைத்தபடியே வைத்து, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் இழுக்கும் வேக்குவத்தால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தேன். பிரஷ்ஷால் தள்ளிக் கழுவினால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியேறாது. தண்ணீர் உருளாமல் பரவும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். துளையிடும் இயந்திரத்தின் அடியில் ஒரு திட்டு மட்டும் எதற்கும் மசியவில்லை. மாலையில் சுத்தமாக இருக்கும், காலையில் பார்த்தால் கறை மேலே வந்து நிற்கும். கடைசியில் உளியும் சுத்தியலும் எடுத்து, சுமார் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டு, எபாக்சியில் காய்ந்த மணலைப் பிசைந்து அடைத்தேன். இதை முன்னாலேயே செய்திருந்தால் அரை டப்பா டிகிரீசர் மிச்சம்.

இனி தேய்ப்பு. ஆசிட் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஆசிட் வெறும் கான்கிரீட்டைத்தான் அரிக்கும். பெயிண்ட் மிச்சம் இருக்கும் இடத்தையும் எண்ணெய் இருக்கும் இடத்தையும் தொடாது. சரியாகக் கழுவி நீக்காவிட்டால் அதன் உப்பு தரையிலேயே தங்கி, பெயிண்டைப் பிடிக்கவிடாது. தரை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது மறுபடி காய வேண்டும். இதற்கெல்லாம் மேலே, அந்தப் புகை பட்டறையில் உள்ள இரும்புச் சாமான் அத்தனைக்கும் துருவைக் கொடுக்கும். என்னுடைய பழைய வெர்னியர் காலிப்பர் இன்னும் அதற்குச் சாட்சி.

நடுத்தரைக்கு வாடகைக்கு எடுத்த தரை கிரைண்டர், 30 கிரிட் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்) டயமண்ட் துண்டுகள். சுவர் ஓரங்களுக்கு 5 அங்குல ஆங்கிள் கிரைண்டர், அதில் டயமண்ட் கப் வீல், அதன்மேல் வேக்குவம் குழாய் பொருத்துகிற மூடி. பழைய பெயிண்ட் சூட்டில் இளகி டயமண்டில் அப்பிக்கொள்கிறது. அப்பிக்கொண்டால் இயந்திரம் தேய்க்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும், சத்தமும் மாறிவிடும். கெட்டியாக இருந்த இடங்களை முன்கூட்டியே நீளக் கைப்பிடி ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது.

எதுவரை தேய்ப்பது? பளபளப்பு எங்கேயும் இல்லாமல், மணல் பருக்கை லேசாகக் கண்ணுக்குத் தெரிந்து, கையால் தடவினால் நடுத்தர உப்புத்தாள் மாதிரிச் சொரசொரவென்று இருந்தால் போதும். அதற்குமேல் ஆழமாகப் போனால் பெயிண்ட் செலவுதான் கூடும்.

தூசி விஷயத்தில் மட்டும் சமாதானமே கூடாது. கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலில் போய்த் தங்கும், தங்கினால் திரும்ப வராது. முகத்தில் இறுக்கமாகப் பொருந்துகிற நல்ல மாஸ்க், நுண்தூசியையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி போட்ட வேக்குவம், இரண்டும் கட்டாயம். விளக்குமாற்றைத் தொடவே கூடாது. சுத்தம் ஆகிவிட்டதா என்பதைக் கண்ணை நம்பாமல் டேப்பை வைத்துப் பார்த்தேன். சுத்தமாகத் தெரிகிற தரையில் ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டி உரித்தால், பசைப்பக்கம் வெள்ளையாக மாவு அப்பி வந்தது. மறுபடி வேக்குவம், குறுக்காக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை. டேப் ஓரளவு தெளிவாக வரும்வரை விடவில்லை. பெயிண்டும் அந்த டேப் மாதிரிதானே, எது மேலாக இருக்கிறதோ அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

விரிசல்களுக்கு வரலாம். மேலாக மட்டும் பட்டி பார்த்தால் நிற்காது. வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் டயமண்ட் பிளேடால் கீறி, தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, எபாக்சியும் நயமான காய்ந்த மணலும் கலந்த பசையைக் கொஞ்சம் மேடாகவே வைத்து அழுத்தினேன். இறுகிய பிறகு மட்டமாகத் தேய்த்தாயிற்று. கான்கிரீட் போடும்போதே வேண்டுமென்று விட்ட இணைப்புக் கோடு வேறு சமாச்சாரம். தரை சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவது அந்தக் கோட்டில்தான். அதைக் கெட்டியான பசையால் அடைத்தால் பக்கத்திலேயே புதுக்கோடு விழும். அதை அப்படியே விட்டு, கடைசியில் நெகிழும் பாலியூரிதேன் சீலண்ட் போட்டேன்.

பெயிண்ட் எவ்வளவு வேண்டும் என்பதை டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணக்கு எளிது: 1 லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத் தடிப்பு 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கரைப்பானோ தண்ணீரோ கலக்காத வகையில் அதே தடிப்புதான் காய்ந்த பிறகும் கிட்டத்தட்ட இருக்கும். தண்ணீர் வகையில் திடப்பொருள் பாதிதான் என்றால் காய்ந்ததும் பாதிதான் மிஞ்சும். என் பழைய தரையில் மிஞ்சியது ஒரு தடித்த காகிதத்தின் அளவுகூடத் தேறாது. இந்தத் தடவை ப்ரைமர் 150 மைக்ரான், மேல்கோட் 250 மைக்ரான் என்று வைத்துக்கொண்டேன். 24 சதுர மீட்டருக்கு ப்ரைமர் 3.6 லிட்டர், மேல்கோட் 6 லிட்டர். தேய்த்த தரை நன்றாகக் குடிக்கும் என்பதால் 15 சதவீதம் கூட்டி வாங்கினேன். ப்ரைமரில் அது முழுதும் செலவானது, மேல்கோட்டில் மிஞ்சியது.

எந்த நேரத்தில் அடிப்பது என்பதற்கு இரண்டு விதி. ஒன்று, தரையின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 24 டிகிரி. அப்போது தரை 27 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் அடித்துக்கொண்டிருப்போம். அகச்சிவப்பு வெப்பமானியும் சின்ன ஈரப்பத மானியும் இருந்தால் போதும். இரண்டாவது விதி, தரை சூடேறும் நேரத்தில் அடிக்காமல் ஆறும் நேரத்தில் அடிப்பது. இதை அலமாரிக்கு அடியில் மறையப்போகிற இடத்தில் இரண்டு சதுரம் அடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். காலையில் அடித்த சதுரத்தில், வெயில் ஏற ஏற, கான்கிரீட் துளைகளிலிருந்த காற்று விரிந்து ஊசி முனை அளவு குமிழ்களாக மேலே வந்தது. உடைந்த குமிழ் ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பள்ளம். சாயங்காலம் அடித்த சதுரத்தில் ஒன்றிரண்டு தவிர எதுவும் இல்லை. அதனால் ப்ரைமர் சாயங்காலம்தான்.

கலப்பதில் அவசரம் காட்டினால் மீட்கவே முடியாது. ரெசினில் நிறமி அடியில் படிந்திருக்கும், முதலில் அதைத் தனியாக நன்றாகக் கிளற வேண்டும். பிறகு ஹார்டனர், டப்பாவில் சொன்ன விகிதத்தில். கன அளவு விகிதமும் எடை விகிதமும் வேறுவேறு, ஒன்றுக்கு மற்றொன்று என்று போட்டுவிடாதீர்கள். ஹார்டனர் கூடப் போட்டால் சீக்கிரம் காயும் என்பதும் தவறு. பொருந்தாமல் மிஞ்சியது உள்ளேயே இருந்து தரையை மெத்தென்று வைத்திருக்கும். டிரில்லில் கலக்கும் தண்டைப் பொருத்தி, மெதுவான வேகத்தில், காற்று உள்ளே போகாமல் 3 நிமிடம். பக்கவாட்டை வழித்துவிட்டு, முழுவதையும் இன்னொரு சுத்தமான வாளிக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். முதல் வாளியின் சுவரிலும் அடிமூலையிலும் கலக்காத ரெசின் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழித்துத் தரையில் விட்டால் அந்த இடம் என்றைக்கும் பிசுபிசுவென்றுதான் இருக்கும்.

கலந்ததும் முழுவதையும் தரையில் பட்டையாக ஊற்றிவிட வேண்டும். வாளியில் குவியலாக இருந்தால் அதன் சூடே அதை இன்னும் வேகமாக இறுக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியின் அடியில் விட்ட கொஞ்சம் மிச்சம், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிப் புகையத் தொடங்கியது. வெளியே மணலில் வைத்துவிட்டேன். அப்புறம் கையுறை: நைட்ரில்தான், நிறைய வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்ற வேண்டும். தோலில் பட்டால் சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும், தின்னரால் துடைத்தால் உள்ளேதான் போகும். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் கிளம்பும்.

அடிப்பது ஒரு சாயங்கால வேலைதான். ஓரங்களுக்கு பிரஷ், நடுவில் பல் வைத்த ரப்பர் ஸ்க்வீஜியால் பரப்பி, 10 மில்லிமீட்டர் முடியுள்ள ரோலரால் குறுக்கும் நெடுக்கும் ஒருமுறை. ரோலரை முதலில் டேப்பால் சுற்றி உரித்தால் உதிர்கிற முடி போய்விடும். ஆணிச் செருப்பு இருந்ததால் ஈரத்தின் மேலேயே நடக்க முடிந்தது. உள்ளே இருந்து தொடங்கிக் கதவு நோக்கி வர வேண்டும், ஈர விளிம்பைக் காய விடக் கூடாது. தடிப்பைப் பார்க்க ஒரு சின்ன உலோகச் சீப்பு விற்கிறார்கள். அதை ஈரப் பெயிண்டில் குத்தி எடுத்தால், நனைந்த கடைசிப் பல்லில் எழுதியிருக்கும் எண்தான் மைக்ரான். ரோலர் கையில் இருக்கும்போது நாம் தடிப்பாக அடிக்கிறோம் என்றே தோன்றும், சீப்பு வேறு சொல்லும்.

மறுநாள் ப்ரைமரில் சில இடங்கள் மங்கி, குடித்துத் தீர்த்த மாதிரித் தெரிந்தன. அங்கே மட்டும் மெல்லிசாக இன்னொரு கை. மேல்கோட்டை டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும், என்னுடையதில் 24 மணி நேரம். தவறினால் முழுத் தரையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும். அதற்கு முன் ஒரு விரல் தடவிப் பாருங்கள். மெழுகு மாதிரி வழுக்கினால் அது காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து உண்டாக்கிய படலம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுத் துடைத்து, சுத்தத் தண்ணீரால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிட்டால் போய்விடும். துடைக்காமல் தேய்த்தால் அதைத் தரை முழுக்கப் பூசுவதுதான்.

நிறம் வெளிர் சாம்பல். அலங்காரத்துக்குத் தூவுகிற வண்ணத் துகள்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கீழே விழுந்த எம்3 திருகைப் புள்ளி புள்ளியான தரையில் தேடுவதைவிடத் தண்டனை இல்லை. வழுக்காமலிருக்க நயமான அலுமினியம் ஆக்சைடு மணலைக் கதவோரத்திலும் நடைபாதையிலும் மட்டும் தூவினேன். எல்லா இடத்திலும் தூவினால் மரத்தூள் பிடித்துக்கொள்ளும், முட்டி போட்டு வேலை செய்யவும் முடியாது. கதவருகே வெயில் விழும் இடத்தில் எபாக்சி மஞ்சளாகும் என்பதால் அந்தப் பட்டைக்கு மட்டும் மேலே ஒரு பாலியூரிதேன் கோட்.

மறுநாள் நடக்கலாம், மூன்று நாளில் இலகுவான சாமான் வைக்கலாம், வண்டி ஏழு நாளுக்குப் பிறகு. ஓடிவந்த சூட்டோடு நிற்கும் டயர் அரைகுறையாக இறுகிய பெயிண்டை ஒட்டி இழுத்துவிடும். ரப்பர் விரிப்பும் நாளடைவில் கறை விடும். வெல்டிங் செய்யும் இடத்தில் ஒரு இரும்புத் தகடு போட்டுக்கொள்வது நல்லது, பொறி விழுந்த இடத்தில் கருப்புப் புள்ளி நிற்கும்.

செலவைப் பிரித்துப் பார்த்தால் எபாக்சிக்குப் போனது பாதிக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் கிரைண்டர் வாடகையும் டயமண்டும். மீதி டிகிரீசர், ரோலர், கையுறை, மாஸ்க், வேக்குவம் வடிகட்டி என்று சில்லறையாகக் கரைந்தது. ரோலரிலும் மாஸ்க்கிலும் மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். ஆணிச் செருப்பை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

குறைகளும் இருக்கின்றன. சுவர் ஓரத்தில் கப் வீல் போட்ட பிறை வடிவக் கீறல்கள், பளபளப்பு வந்ததும் முன்பைவிட நன்றாகத் தெரிகின்றன. அடுத்த முறை கடைசியாக ஒருமுறை லேசாக, கையை அழுத்தாமல் ஓட்டி அவற்றை மழுப்புவேன். சிலிக்கான் ஸ்ப்ரே வைத்திருந்த தட்டுக்குக் கீழே பெயிண்ட் வட்ட வட்டமாக விலகி நின்றது. அந்த மாதிரி டப்பாக்களை வேலை தொடங்குவதற்கு முன்பே வெளியேற்ற வேண்டும். லேத்தை நகர்த்தச் சோம்பல்பட்டு அதைச் சுற்றி அடித்ததுதான் பெரிய குறை. அதன் எண்ணெய் இப்போது அடியிலுள்ள வெறும் கான்கிரீட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தற்காலிகமாக ஒரு தகரத் தட்டு செருகி வைத்திருக்கிறேன். லேத்தை ஜாக்கியால் தூக்கி மரக்கட்டைகளில் நிறுத்தி அந்த இடத்தையும் தேய்த்து அடிக்க வேண்டும். மிஞ்சிய மேல்கோட் அதற்குப் போதும்.